கருப்பு எள் மாட்சா லாட்டே: வீட்டில் செய்தால் சேறு மாதிரி வருகிறது, எங்கே தவறு?

நுரைமேகம் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். மூன்று வாரமாக ஒரே பானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கஃபேயில் கருப்பு எள் மாட்சா லாட்டே குடித்தேன், கருப்பு எள்ளும் மாட்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளும் பாலில் சேர்ந்த பானம். கண்ணாடிக் குவளையின் அடியில் சாம்பல் நிறம், நடுவில் வெள்ளை, மேலே பளிச்சென்று பச்சை. முதல் வாயிலேயே வறுத்த எள்ளின் மணம், அதன் பின்னாலேயே மாட்சாவின் இளங்கசப்பு. அன்றிலிருந்து வீட்டில் செய்து பார்க்கிறேன், ஒரு தடவைகூட அந்தச் சுவைக்குப் பக்கத்தில் போகவில்லை.

நான் செய்தது இதுதான். கருப்பு எள்ளை வறுத்து மிக்சியில் பொடித்தேன். அந்தப் பொடி 2 மேசைக்கரண்டி, மாட்சா ஒரு தேக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, கொதிக்கக் கொதிக்க ஒரு குவளைப் பால். எல்லாவற்றையும் மிக்சியில் ஊற்றி ஒரே ஓட்டு.

வந்தது சேற்றுப் பச்சை. வாயில் நறநறவென்கிறது. அடியில் திப்பி, மேலே எண்ணெய் வளையம். கசப்பு தொண்டையிலேயே நிற்கிறது. சர்க்கரையைக் கூட்டினால் திகட்டுகிறதே தவிர கசப்பு போகவில்லை. தவறு எள்ளிலா, மாட்சாவிலா, பாலிலா?

அடுப்படி:

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதில். பார்க்க ஒரே பானம், செய்யும்போது அது இரண்டு. எள்ளுக்குச் சூடு வேண்டும், மாட்சாவுக்கு அவ்வளவு சூடு ஆகாது. எள் நன்றாக அரைபட வேண்டும், மாட்சா அரைபட்டேதான் வருகிறது, நுரைக்க அடித்தால் போதும். தனித்தனியாகச் செய்து குவளையில் சேருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தேயிலைக்காரன்:

மாட்சா பக்கத்தை நான் சொல்கிறேன், எள்ளை எள்ளுப்பூ அக்கா பார்த்துக்கொள்ளட்டும்.

மாட்சாவுக்கான செடிகளை அறுவடைக்கு முன்னால் மூன்று வாரம் போல நிழலில் மூடி வைப்பார்கள். வெளிச்சம் குறைவதால் இலையில் பச்சையம் கூடும், இதமான சுவையைத் தரும் தியானின் கூடும், துவர்ப்பைத் தரும் கேட்டச்சின் குறையும். பறித்ததும் ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்குவார்கள். அப்படிக் கிடைக்கும் இலைக்குத் தென்சா என்று பெயர். அதைக் கல் இயந்திரத்தில் அரைத்தால் மாட்சா. ஒரு கல் ஒரு மணி நேரம் சுற்றினால் 40 கிராம் அளவுதான் கிடைக்கும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணமும் நிறமும் கெடும் என்பதால்தான் அத்தனை நிதானம். அவ்வளவு கவனமாகச் சூடு படாமல் அரைத்த பொடியில் நாம் கொதிக்கும் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? பச்சையம் சிதைந்து நிறம் மங்கும், துவர்ப்பும் கசப்பும் முழுசாக இறங்கும்.

தண்ணீர் 75 முதல் 80 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒரு குவளை லாட்டேவுக்கு 2 கிராம் மாட்சா, 60 மில்லி தண்ணீர். உங்கள் ஒரு தேக்கரண்டி தளர்வாக எடுத்தால்தான் 2 கிராம், குவித்து எடுத்தால் 3 கிராமுக்கு மேல் போய்விடும். சின்னத் தராசு இருந்தால் எடை போடுங்கள்.

அதற்கு முன்னால் சலிக்க வேண்டும். மாட்சா மிக மென்மையான தூள். கொஞ்சம் ஈரம் பட்டாலும் கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் உள்ளே காய்ந்த பொடி அப்படியே இருக்கும். நீங்கள் சொல்லும் நறநறப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். சின்ன வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் பத்து விநாடி வேலை.

நுரைமேகம்:

நன்றி அண்ணா. எடை போடவும் இல்லை, சலிக்கவும் இல்லை. வெப்பமானி இல்லாமல் 80 டிகிரி எப்படித் தெரிந்துகொள்வது?

தேயிலைக்காரன்:

கொதித்த தண்ணீரைச் சூடுபடுத்தாத ஒரு குவளையில் ஊற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். அதிலிருந்து இன்னொரு குவளைக்கு மாற்றினால் இன்னும் ஒரு 10. ஆக இரண்டு முறை மாற்றினால் 80-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஜப்பானில் பச்சைத் தேநீர் போடுகிறவர்களின் பழைய வழி இது. குவளையின் கனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும், லாட்டேவுக்கு அந்தத் துல்லியம் போதும்.

எள்ளுப்பூ:

தம்பி கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா.

நுரைமேகம், உங்கள் தொண்டையில் நிற்கிற கசப்பு மாட்சாவுடையது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். மாட்சாவின் கசப்பு நாக்கில் தொடங்கி நாக்கிலேயே கரைந்துவிடும். தொண்டையில் பிடித்துக்கொள்ளும் காறல் என்றால் எள் தீய்ந்திருக்கிறது. கருப்பு எள்ளில் இதுதான் பெரிய சிக்கல், வறுபடுவதை நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. கருப்பு கருப்பாகவேதான் இருக்கும், தீய்ந்தாலும்.

அதனால் நான் ஒரு கைப்பிடி கருப்பு எள்ளோடு ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளைப் போட்டு வறுப்பேன். வெள்ளை எள் லேசாகப் பொன்னிறத்துக்குத் திரும்பியதும் அடுப்பை அணைத்துவிடுவேன். அது பழுப்பாகும் வரை நின்றால் கருப்பு எள் கடந்து போய்விட்டது என்று அர்த்தம். வெள்ளை எள் இல்லாவிட்டால் காதையும் விரலையும் நம்புங்கள். முதலில் அங்கொன்று இங்கொன்றாக வெடிக்கும். அப்புறம் வெடிப்பு நெருங்கி வரும், எள் கொஞ்சம் உப்பும். அப்போது இரண்டு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பொடுக்கென்று நொறுங்கி மணம் வந்தால் பதம். வழுக்கிக்கொண்டு ஓடினால் இன்னும் ஒரு நிமிடம்.

தணலைக் குறைத்தே வையுங்கள். அடி கனமான பாத்திரம், கை நிற்காமல் கிளறல். அணைத்த உடனே தட்டில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். பாத்திரத்திலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே அது மேலும் வறுபடும். சரியாக எடுத்த எள்ளைப் பாத்திரத்தில் விட்டுவிட்டுப் போய், வந்து பார்த்தால் கசப்பாகியிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

கடையில் வாங்கும் பாக்கெட்டையும் படித்துப் பாருங்கள். சிலது வறுத்தே வருகிறது. அதை மறுபடி வறுத்தால் கசக்கத்தான் செய்யும்.

நுரைமேகம்:

அக்கா, பாக்கெட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "வறுத்தது" என்று எழுதியிருக்கிறது. நான் அதை இன்னொரு எட்டு நிமிடம் வறுத்திருக்கிறேன்.

எள்ளுப்பூ:

சரி, ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வறுத்த எள்ளை வெறுமனே கை பொறுக்கும் சூட்டுக்கு ஒரு நிமிடம் காட்டினால் போதும், மணம் எழும்பும், அரைக்கவும் இலகுவாகும்.

வறுக்காத எள் வாங்கினால் கழுவி அரிக்க மறக்காதீர்கள். எள்ளில் பொடி மணல் வரும். அதை அரைத்துவிட்டால் எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது. தண்ணீரில் விட்டு மேலாகச் சாய்த்துச் சாய்த்து எடுத்தால் மண் அடியில் நின்றுவிடும். பிறகு நன்றாக வடித்து, முதலில் ஈரம் போக உலர்த்தி, அதற்குப் பிறகே வறுக்க வேண்டும்.

வடிகட்டி:

இழையைத் தொடர்கிறேன். எள்ளைப் பொடியாகப் போடுவதா, விழுதாகப் போடுவதா? நான் பார்த்த காணொளிகளில் பாதிப் பேர் பொடி, பாதிப் பேர் விழுது.

அடுப்படி:

லாட்டேவுக்கு விழுதுதான். பொடி பாலில் கரையாது, மிதக்கும், பிறகு அடியில் உட்காரும். கடைசி இரண்டு வாய் மணலைக் குடிப்பது போல இருக்கும். ஜப்பானில் இதற்குத் தனித்தனிப் பெயரே உண்டு. வறுத்த முழு எள் இரிகோமா, இடித்தது சுரிகோமா, விழுது நெரிகோமா. குரோகோமா என்றால் கருப்பு எள். பானங்களில் அவர்களும் பெரும்பாலும் நெரிகோமாவைத்தான் எடுக்கிறார்கள். ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள்: எள்ளை இவ்வளவு கொண்டாடும் ஜப்பானில் விளைவது மிகமிகக் குறைவு. அவர்கள் சாப்பிடும் எள்ளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி.

தேயிலைக்காரன்:

பொடிக்கும் ஓர் இடம் உண்டு. நுரைக்கு மேலே கடைசியில் ஒரு சிட்டிகை தூவ.

எள்ளுப்பூ:

தூவுவதற்கு மட்டும். உள்ளே போவது விழுதாக இருக்கட்டும்.

எள்ளின் எடையில் பாதியளவு எண்ணெய். எள்ளுக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கிறது என்று சொல்வார்களே, அது வெளியே வரும் வரை அரைப்பதுதான் விழுது. நேரமும் பொறுமையும் வேண்டும். ஒரு குவளைக்குத் தேவையான கொஞ்ச எள்ளை மட்டும் மிக்சியில் போட்டால் பிளேடுக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும், அரைபடவே செய்யாது. குறைந்தது 100 கிராமாவது, இருப்பதிலேயே சின்ன ஜாரில். எள் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஈர மணல் போலத் திரளும், பிறகு களிமண் போல ஒரு கட்டியாகும். அங்கேதான் நிறையப் பேர் "வரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஓரத்தை வழித்துவிட்டு, அரை நிமிடம் ஓட்டி அரை நிமிடம் நிறுத்தி, இப்படியே போனால் ஏழெட்டு நிமிடத்தில் பளபளப்பு வந்து தானாக வழிய ஆரம்பிக்கும். இடைவிடாமல் ஓட்டினால் ஜார் சூடாகி மணம் குறையும், இயந்திரத்துக்கும் நல்லதில்லை.

கருப்பு எள்ளைத் தோலோடுதான் அரைக்கிறோம். அதனால் தோல் நீக்கிய வெள்ளை எள்ளைப் போலச் சட்டென்று வழியாது. பிடிவாதமாக நின்றால் மணமில்லாத எண்ணெய் ஒரு தேக்கரண்டி விடுங்கள். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுக்கூட ஆகாது, ஏனென்று அப்புறம் சொல்கிறேன். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம். உப்பு போட்ட விழுதையும் போடாத விழுதையும் அடுத்தடுத்து நக்கிப் பாருங்கள், போட்டதில் கசப்பு பின்வாங்கி எள் முன்னால் வந்து நிற்கும்.

நுரைமேகம்:

இன்று மாலை அரைத்தேன். களிமண் கட்டத்தில் பயந்துபோய் நிறுத்தப் பார்த்தேன், அக்கா சொன்னது நினைவுக்கு வந்து தொடர்ந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் தார் போலப் பளபளவென்று வழிந்தது. வீடு முழுக்க மணம்.

ஆனால் அடுத்த படியில் மாட்டிக்கொண்டேன். ஒரு மேசைக்கரண்டி விழுதில் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினேன். இளகும் என்று பார்த்தால் இறுகிவிட்டது, சிமெண்டு மாதிரி கரண்டியோடு வருகிறது. விழுது கெட்டுவிட்டதா? கொட்டிவிடவா?

எள்ளுப்பூ:

கொட்டாதீர்கள்! கெடவில்லை, பாதி வழியில் நிற்கிறீர்கள். இன்னும் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டு நன்றாகத் தேயுங்கள். பிறகு இன்னொன்று. நான்காவது ஐந்தாவது கரண்டியில் சட்டென்று விட்டுக்கொடுக்கும், நிறமும் கருப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும்.

நுரைமேகம்:

விட்டுக்கொடுத்தது! ஐந்தாவது கரண்டியில். பட்டுப் போல ஆகிவிட்டது. இது எப்படி?

எள்ளுப்பூ:

விழுதில் எள்ளின் நுண்துகள்கள் எண்ணெய்க்குள் மிதக்கின்றன. எண்ணெய்தான் அவற்றை வழுக்கி ஓடவிடுகிறது. கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் துகள்களில் உள்ள புரதமும் மாவுப்பொருளும் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த சிமெண்டு அதுதான். தண்ணீர் போதுமான அளவு வந்ததும் நிலைமை தலைகீழாகும். இப்போது தண்ணீர்தான் வெளியே, எண்ணெய் குட்டிக் குட்டித் துளியாக அதற்குள்ளே. அதனால்தான் வெளுத்துத் தெரிகிறது, அதனால்தான் பாலோடு சண்டையில்லாமல் சேர்கிறது. அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்றதும் இதற்காகவே, ஜாருக்குள்ளேயே இறுகிவிடும்.

இந்தப் பானத்தில் நான் மனதார நம்புவது இந்த ஒரு படியைத்தான். மாட்சா நடுத்தரமாக இருந்தாலும் சமாளிக்கலாம், பால் எதுவானாலும் சமாளிக்கலாம். விழுதை முதலில் வெந்நீரில் கரண்டி கரண்டியாக இளக்காமல் நேரே குளிர்ந்த பாலில் போட்டால், மேலே எண்ணெய் வளையமும் அடியில் கருப்புக் கட்டியும்தான் மிஞ்சும். உங்கள் முதல் பதிவில் இருந்த எண்ணெய் வளையம் நினைவிருக்கிறதா?

சர்க்கரையை இந்த வெந்நீரிலேயே கரைத்துவிடுங்கள். 20 கிராம் விழுது, 2 மேசைக்கரண்டி வெந்நீர், 2 தேக்கரண்டி சர்க்கரை. நாட்டுச் சர்க்கரை போன்ற கருஞ்சர்க்கரை எள்ளோடு நன்றாகச் சேரும்.

தேயிலைக்காரன்:

அக்கா, 20 கிராம் கூடுதல் என்பது என் கட்சி. 20 கிராம் எள்ளுக்கு முன்னால் 2 கிராம் மாட்சா எங்கே நிற்கும்? நிறத்துக்கு மட்டும்தான் மாட்சா என்று ஆகிவிடும். நான் 10 கிராமுக்கு மேல் போக மாட்டேன்.

எள்ளுப்பூ:

10 கிராம் விழுதைப் பாலில் கரைத்தால் யாரோ பக்கத்து அறையில் எள் வறுக்கிறார்கள் என்பது போல இருக்கும் தம்பி. பெயரிலேயே எள் முன்னால் இருக்கிறது.

தேயிலைக்காரன்:

பெயரில் முன்னால் இருக்கட்டும், குவளையில் மேலே இருப்பது மாட்சா. எள்ளுக்கு எண்ணெய் இருக்கிறது, வாயில் தங்கும். மாட்சாவுக்கு அது இல்லை. வலுவானது கொஞ்சம் ஒதுங்கி நின்றால்தான் மென்மையானது தெரியும். எள்ளைக் குறைக்க மனமில்லை என்றால் மாட்சாவை 3 கிராமாக்கி, தண்ணீரைக் கூட்டாமல் 50 மில்லியில் கெட்டியாக அடியுங்கள். அதற்கு நான் சம்மதிக்கிறேன்.

வடிகட்டி:

இதற்கு எந்த மாட்சா வாங்குவது? செரிமோனியல் (தேநீர்ச் சடங்குக்கானது) என்று போட்டது வாங்க வேண்டுமா, குலினரி (சமையலுக்கானது) போதுமா?

தேயிலைக்காரன்:

அந்த இரண்டு சொல்லுக்கும் சட்டப்படி வரையறை எதுவும் கிடையாது, விற்பவர் வைக்கும் பெயர்தான். ஆகவே டப்பாவின் மேலுள்ள சொல்லை விட்டுவிட்டுப் பொடியைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சளோ காக்கியோ தட்டினால் பழையது அல்லது முதிர்ந்த இலை. முகர்ந்தால் இளந்தளிர் மணமும் லேசான கடல்பாசி மணமும் வரும். காய்ந்த வைக்கோல் மணம் வந்தால் வேண்டாம். விளைந்த ஊர் போட்டிருந்தால் நம்பிக்கை கூடும். ஜப்பானில் கியோட்டோவின் ஊஜி, ஐச்சியின் நிஷியோ, ஃபுகுஓகாவின் யாமே, ககோஷிமா எல்லாம் பேர் பெற்ற இடங்கள்.

வெறும் தண்ணீரில் அடித்துக் குடிக்கும் மிக மென்மையான மாட்சாவை எள்ளுக்குள் போடாதீர்கள், இதை உண்மையான வருத்தத்தோடு சொல்கிறேன். அதன் நுணுக்கம் எதுவும் தெரியாது. லாட்டேவுக்குக் கொஞ்சம் கசப்பு உள்ள, உடல் வலுவுள்ள நடுத்தர மாட்சாதான் பாலைத் தாண்டி வரும். திறந்த டப்பாவை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் பொடி மேலே படிந்துவிடும்.

மாலைக்குளிர்:

ஐஸ் போட்டு மூன்று அடுக்காக வருவது எப்படி? எனக்கு எப்போதும் மேலும் கீழும் கலந்து சாம்பல் பச்சையாகிவிடுகிறது.

அடுப்படி:

அடுக்கு நிற்பது அடர்த்தியால். எது கனமோ அது கீழே. எள் விழுதில் சர்க்கரை இருப்பதால் அது அடியில் உட்காரும். பால் நடுவில். மாட்சா வெறும் தண்ணீரில் அடித்தது, பாலை விட லேசு, அதனால் மேலே நிற்கும். மாட்சாவில் நீங்கள் சர்க்கரை போடுகிறீர்களா?

மாலைக்குளிர்:

ஆமாம், இரண்டு தேக்கரண்டி.

அடுப்படி:

அதுதான். இனித்த மாட்சா கனமாகிப் பாலுக்குள் இறங்கிவிடும். இனிப்பு முழுவதையும் எள்ளில் வையுங்கள், மாட்சாவில் எள்ளளவும் வேண்டாம். குவளையில் முதலில் எள் கரைசலை ஊற்றி, சுவரிலும் கொஞ்சம் வழிய விட்டுச் சுற்றுங்கள், பளிங்குக் கோடு போல வரும். பிறகு குவளை நிறைய ஐஸ்கட்டி. ஐஸ் குறைந்தால் அடுக்கு நிற்காது, ஊற்றும் வேகத்தை அதுதான் தாங்குகிறது. குளிர்ந்த பால் 150 மில்லியை ஐஸின் மேல் மெல்ல. கடைசியில் மாட்சாவை ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் நூல் போல ஊற்றுங்கள். அடித்த மாட்சாவை ஒரு நிமிடம் ஆறவிட்டால் ஐஸ் உருகுவதும் குறையும்.

குடிக்கும்போது கலக்கித்தான் ஆக வேண்டும், நிறம் மங்கத்தான் செய்யும். கருப்பும் பச்சையும் சேர்ந்தால் வேறு நிறம் வராது. அதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம்.

வடிகட்டி:

மூங்கில் துடைப்பம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

தேயிலைக்காரன்:

சாசென் என்ற அந்த மூங்கில் துடைப்பம் இருந்தால் நுரை மென்மையாக வரும். ஒரே மூங்கில் துண்டைக் கீறி 80, 100 என்று இழை பிரித்துச் செய்வார்கள். ஜப்பானின் நாரா மாகாணத்தில் தகயாமா என்ற ஊர் இதற்கே பேர் போனது. அடிப்பதற்கு முன் இழைகளை ஒரு நிமிடம் வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் ஒடியாது. கிண்ணத்தின் அடியில் அழுத்தாமல், மணிக்கட்டைத் தளர்த்தி முன்னும் பின்னும் வேகமாக. வட்டமாகச் சுற்றினால் நுரை வராது.

இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் சின்ன நுரைப்பான் நன்றாகவே வேலை செய்யும், உயரமான குவளையில் அடியுங்கள், தெறிக்காது. அதுவும் இல்லையா, ஐஸ் லாட்டேவுக்கு மூடியுள்ள பாட்டிலில் குளிர்ந்த தண்ணீரும் சலித்த மாட்சாவும் போட்டு முப்பது விநாடி குலுக்குங்கள். வெந்நீரை மூடிய பாட்டிலில் போட்டுக் குலுக்காதீர்கள், ஆவி அழுத்தத்தில் மூடி தெறித்துக் கை வெந்துபோகும்.

மாலைக்குளிர்:

சூடான லாட்டேவில் பால் எவ்வளவு சூடு? பசும்பால் ஆகாதவர்களுக்கு எது நல்லது?

அடுப்படி:

60 முதல் 65 டிகிரி. பாத்திரத்தின் ஓரத்தில் குட்டிக் குமிழ் தெரியத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். பொங்க விட்டால் காய்ச்சிய பால் வாடை வந்து எள்ளை மூடிவிடும், இனிப்பும் குறைந்தது போலத் தெரியும். பாலின் புரதம் மாட்சாவின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், லாட்டே மென்மையாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

தாவரப் பால்களில் என் முதல் தேர்வு ஓட்ஸ் பால். அதற்கே ஒரு தானிய இனிப்பு உண்டு, வறுத்த எள்ளோடு சொந்தம் போலச் சேரும். சோயா பாலும் நல்லதுதான், நுரை நிற்கும். பாதாம் பால் நீர்த்துவிடும். தேங்காய்ப் பாலை நான் தவிர்ப்பேன், அது வந்தால் எள்ளும் தெரியாது மாட்சாவும் தெரியாது.

மழைத்தூறல்:

இழையை இன்றுதான் பார்த்தேன். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இதைக் குடிக்கலாமா? எள்ளில் கால்சியம் நிறைய என்கிறார்களே, அதற்காகவாவது?

தேயிலைக்காரன்:

வாழ்த்துகள் தங்கையே. மாட்சாவில் இலை முழுவதும் உள்ளே போகிறது, ஆகவே காஃபீனும் முழுசாகப் போகும். 2 கிராமில் ஏறக்குறைய 60 மில்லிகிராம். கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்வது பொதுவான மருத்துவ அறிவுரை, அதில் காபி, டீ, சாக்லேட் எல்லாம் அடங்கும். உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், தேயிலையின் பாலிஃபீனால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரும்பு மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதற்கும் இதற்கும் நல்ல இடைவெளி விடுங்கள்.

எள்ளுப்பூ:

கால்சியம் பற்றி: தோலோடு உள்ள எள்ளில் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் அதே தோலில் ஆக்சலேட்டும் இருக்கிறது, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருப்பது முழுவதும் உடலில் சேராது. கால்சியத்துக்காக மட்டும் இதைக் குடிக்க வேண்டாம், பிடித்திருந்தால் குடியுங்கள்.

இன்னொன்று, விருந்தினருக்குக் கொடுக்கும்போது "எள் ஒத்துக்கொள்ளுமா" என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். எள் ஒவ்வாமை சிலருக்கு மிகக் கடுமையாக வரும். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்து, உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அரைத்த ஜாரையும் நன்றாகக் கழுவுங்கள், மூடியின் ரப்பர் வளையத்துக்கு உள்ளேயும்.

மழைத்தூறல்:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. மாட்சாவை 1 கிராமாகக் குறைத்து, மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன். 1 கிராம் என்றால் எள்ளையும் குறைக்க வேண்டுமா?

எள்ளுப்பூ:

ஆமாம், அப்போது மட்டும் தம்பி சொன்ன 10 கிராமுக்கு வந்துவிடுங்கள்.

நுரைமேகம்:

நான்கு நாளில் ஆறு குவளை செய்துவிட்டேன். கணக்கு எழுதி வைத்தேன், அதை இங்கே போடுகிறேன்.

முதல் குவளை, 20 கிராம் விழுது, 2 கிராம் மாட்சா, சூடானது. எள் அருமை, மாட்சா இருப்பதே தெரியவில்லை. அண்ணா சொன்னது புரிந்தது. இரண்டாவது, 10 கிராம் விழுது. மாட்சா அழகாகத் தெரிந்தது, ஆனால் அந்தக் கஃபேயில் குடித்த கனம் இல்லை. அக்கா சொன்னதும் புரிந்தது. மூன்றாவதில் 15 கிராம் விழுது, 3 கிராம் மாட்சாவை 50 மில்லியில் கெட்டியாக அடித்து, ஓட்ஸ் பால் 150 மில்லி. குடித்தவுடன் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுதான் அது.

நான்காவதை ஐஸ் போட்டுச் செய்தேன். அதே அளவில் குளிரில் எள் அடங்கிப்போனது, இனிப்பும் குறைந்து தெரிந்தது. ஐந்தாவதில் ஐஸுக்கு மட்டும் 18 கிராம், சர்க்கரை அரைத் தேக்கரண்டி கூடுதல் என்று மாற்றினேன், சரியாக இருந்தது. மூன்று அடுக்கும் நின்றன. ஆறாவதை என் அம்மாவுக்குக் கொடுத்தேன். பச்சை நிறத்தைப் பார்த்து முதலில் தயங்கினார், பிறகு அடியில் ஒட்டியிருந்த எள்ளைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மீதி விழுது எத்தனை நாள் தாங்கும்?

எள்ளுப்பூ:

ஆறு குவளைக்கும் கணக்கு எழுதியதைப் படிக்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அந்த 15 கிராமை நானும் நாளை செய்து பார்க்கிறேன்.

விழுதை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், கெட்டதில்லை, அடி வரை கரண்டியை விட்டுக் கிளறி எடுங்கள். வாரம் ஒருமுறை புட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் அடியில் இறுகாது. ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது. சிக்கு வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், சர்க்கரை எவ்வளவு போட்டாலும் அது மறையாது.

தேயிலைக்காரன்:

15-க்கு 3, 50 மில்லி. குறித்துக்கொண்டேன். அக்கா, நாளைக்கு நீங்கள் செய்ததும் இங்கேயே எழுதுங்கள், நானும் அதே நேரம் செய்கிறேன்.